காலுக்கு என்ன கணக்கு?

சாலை விபத்தில் உயிர் பிழைத்தவருக்குச் சட்டம் எவ்வளவு தருகிறது? அது கைக்கு வந்து சேர்வதற்குள் என்னவெல்லாம் நடக்கிறது? தப்புச் செய்தவருக்கு அது உறைக்கிறதா?

விபத்துச் செய்திகளுக்கு வாடிக்கையான ஒரு முடிவு உண்டு. இறந்தவர்களின் பெயர், வயது, ஊர், பிரேதப் பரிசோதனை எல்லாம் சொல்லி முடித்த பிறகு, படுகாயம் அடைந்த மூன்று பேர் அரசு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள் என்று ஒரு வரி வரும். அந்த மூன்று பேர் எப்போது வீடு திரும்பினார்கள், பழைய வேலைக்குப் போக முடிந்ததா, வாங்கிய கடனை யார் கட்டினார்கள் என்பதெல்லாம் செய்தியில் வராது. மறுநாள் வேறொரு விபத்து அந்த இடத்தைப் பிடித்துவிடும்.

2022-ம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 4,61,312 விபத்துகள் நடந்தன. இறந்தவர்கள் 1,68,491 பேர். காயம்பட்டவர்கள் 4,43,366 பேர். அந்த ஆண்டு விபத்து எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105. உயிரிழப்பில் உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்த இடம்: 17,884. நாடு முழுவதும் ஒருவர் இறந்தால் ஏறக்குறைய மூன்று பேர் காயத்தோடு பிழைக்கிறார்கள். சிலருக்குச் சிராய்ப்பு. சிலருக்கு முட்டி மடங்காது, விரல் இருக்காது, நினைவு தங்காது. இந்தக் கட்டுரை அவர்களைப் பற்றியது.

நஷ்டஈட்டுச் சட்டத்துக்கு இரண்டு வேலைகள் உண்டு. காயம்பட்டவரைப் பணத்தால் முடிந்த அளவு பழைய நிலையில் நிறுத்துவது முதல் வேலை. தப்புச் செய்தவருக்குச் செலவு வைத்து, மறுபடி செய்யாமல் தடுப்பது இரண்டாவது. நம் ஊரில் முதல் வேலை தாமதமாகவாவது நடக்கிறது. இரண்டாவது நடப்பதாகவே தெரியவில்லை.

முதல் 48 மணி நேரம்

நல்ல செய்தியிலிருந்து தொடங்கலாம். அடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு போனால் முதலில் முன்பணம் கேட்பார்கள் என்ற பயம் தமிழ்நாட்டில் குறைந்திருக்கிறது. 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கிவைக்கப்பட்ட ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், விபத்து நடந்த முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசே பணம் கட்டுகிறது. காப்பீட்டு அட்டை இருக்கிறதா, எந்த மாநிலத்துக்காரர் என்ற கேள்விகள் இல்லை. திட்டத்தில் சேர்ந்துள்ள தனியார் மருத்துவமனைகளுக்கும் இது பொருந்தும். 81 வகையான சிகிச்சைகளுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை என்று திட்டம் தொடங்கியது. மத்திய அரசும் 2025 மே மாதம், ஏழு நாள்களுக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லாச் சிகிச்சை என்ற திட்டத்தை அறிவித்தது.

உதவி செய்தவர் போலீஸ் ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் அலைய வேண்டும் என்ற பயமும் இனி தேவையில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு அவருக்குப் பாதுகாப்பு தருகிறது. விருப்பமில்லை என்றால் அவர் பெயரைக்கூடச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால், 49-வது மணி நேரம் என்று ஒன்று இருக்கிறது. தொடை எலும்புக்குள் கம்பி வைத்தவர் ஆறு மாதம் வேலைக்குப் போக முடியாது. கம்பியை எடுக்க இன்னொரு ஆபரேஷன். பிசியோதெரபி. கூடமாட இருக்க ஓர் ஆள், அந்த ஆளின் சம்பளமும் போச்சு. நகை அடகுக்குப் போகும், அப்புறம் வட்டிக்காரர் வீட்டுக்கு வருவார். நஷ்டஈட்டு வழக்கு இந்தக் கட்டத்தில்தான் ஆரம்பிக்கிறது.

காகிதம் பேசும்

வழக்குப் போடும் இடத்துக்கு மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் என்று பெயர். தனிக் கட்டடம் இருக்கும் என்று தேட வேண்டாம். சென்னையில் சிறுவழக்குகள் நீதிமன்றம்தான் அந்த வேலையைப் பார்க்கிறது. மாவட்டங்களில் மாவட்ட நீதிபதியோ சார்பு நீதிபதியோ தீர்ப்பாயமாக உட்காருவார். விபத்து நடந்த ஊர், காயம்பட்டவர் வசிக்கும் ஊர், எதிர்த்தரப்பினர் வசிக்கும் ஊர் என மூன்றில் எங்கு வேண்டுமானாலும் மனு போடலாம். எம்.சி.ஓ.பி. என்ற எழுத்துகளோடு ஓர் எண் கிடைக்கும். அந்த எண்ணைப் பல குடும்பங்கள் ரேஷன் கார்டு எண் போல மனப்பாடமாகச் சொல்லும்.

இந்த வழக்கில் காகிதம்தான் முதல் சாட்சி. எஃப்.ஐ.ஆர்., சம்பவ இட வரைபடம், மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை, காயச் சான்றிதழ், டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துச் சீட்டு, பில். அவசர சிகிச்சைப் பிரிவில் எப்படி அடிபட்டது என்று கேட்கும்போது, பதற்றத்தில் “பைக்கிலிருந்து விழுந்துட்டார்” என்று கூட வந்தவர் சொல்லிவிட்டால், அதுவே பதிவேட்டில் ஏறிவிடும். இடித்த வேனைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இருக்காது. இன்ஷூரன்ஸ் கம்பெனி வக்கீலுக்கு அந்த ஒரு வரி போதும்.

2022-ல் வந்த விதிகளின்படி, விபத்து நடந்த 48 மணி நேரத்துக்குள் காவல்துறை முதல் அறிக்கையைத் தீர்ப்பாயத்துக்கும் இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கும் அனுப்ப வேண்டும். 90 நாள்களுக்குள் விரிவான அறிக்கை போக வேண்டும். காயம்பட்டவர் காகிதத்துக்காக அலையக் கூடாது என்பதே இந்த விதிகளின் நோக்கம்.

கவனிக்க வேண்டிய இன்னொன்று கெடு. 2022 ஏப்ரல் 1 முதல், விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. இதை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கின்றன. அது எப்படி முடிந்தாலும், ஆறு மாதத்தைத் தாண்டவிடாமல் இருப்பதே நல்லது. கட்டுப் பிரித்து, நடை பழகி, வக்கீலைத் தேடுவதற்குள் ஆறு மாதம் ஓடிப்போகும்.

ஒரே கால், மூன்று தொகை

தொகையை நிர்ணயிப்பது நீதிபதியின் இரக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது ஒரு வாய்பாடு. ஓர் உதாரணத்தைப் போட்டுப் பார்ப்போம்.

வயது 32. தொழில், கொத்தனார். பைக்கில் போகும்போது வேன் மோதி வலது தொடை எலும்பு முறிந்தது. கம்பி வைத்தார்கள். எலும்பு கூடிவிட்டது, முட்டி முழுசாக மடங்கவில்லை. டாக்டர் தந்த ஊனச் சான்றிதழ் 30 சதவீதம் என்கிறது. மாத வருமானம் 15,000 ரூபாய் என்று தீர்ப்பாயம் ஏற்றுக்கொள்கிறது.

முதல் வழி, தமிழ்நாட்டுத் தீர்ப்பாயங்களில் வெகுகாலமாகப் புழங்குவது: ஊனத்தின் ஒவ்வொரு சதவீதத்துக்கும் இவ்வளவு ரூபாய் என்று பெருக்குவது. சதவீதத்துக்கு 5,000 என்று எடுத்தால், 30 சதவீதத்துக்கு 1,50,000 ரூபாய். முடிந்தது.

இரண்டாவது வழி, பெருக்குக் காரணி முறை. எதிர்காலத்தில் வருமானம் உயர்ந்திருக்கும் அல்லவா? 40 வயதுக்குள் இருக்கும் சுயதொழில்காரருக்கு 40 சதவீதம் சேர்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2017 அக்டோபரில் சொன்னது. ஆக, மாதம் 21,000. வருஷத்துக்கு 2,52,000. 31 முதல் 35 வயது வரை உள்ளவர்களுக்குக் காரணி 16 என்பது 2009-ல் உச்ச நீதிமன்றம் வகுத்த அட்டவணை. பெருக்கினால் 40,32,000. அதில் 30 சதவீதம், 12,09,600 ரூபாய்.

மூன்றாவது வழிக்கு 2010-ல் உச்ச நீதிமன்றம் தந்த ஒரு தீர்ப்பு அடிப்படை. உடலின் ஊனமும் சம்பாத்தியத்தின் இழப்பும் ஒன்றல்ல என்று அது பிரித்துக் காட்டியது. இடது கையை இழந்த ஒரு டிரைவரோ தச்சரோ தன் தொழிலையே இழக்கிறார். அதே கையை இழந்த ஓர் அரசு குமாஸ்தா வேலையில் தொடரலாம், அவர் சம்பளம் அப்படியே இருக்கலாம். ஆகவே டாக்டர் தரும் சதவீதத்தோடு நிற்காமல், அந்த ஆள் என்ன வேலை செய்தார், இனி எதைச் செய்ய முடியும் என்று பார்க்க வேண்டும். முட்டி மடங்காத கொத்தனார் சாரம் ஏற முடியாது. உட்கார்ந்து தரை போட முடியாது. அவருடைய சம்பாத்திய இழப்பு 60 சதவீதம் என்று தீர்ப்பாயம் முடிவுசெய்தால், தொகை 24,19,200 ரூபாய்.

அதே ஆள், அதே கால். ஒன்றரை லட்சம், பன்னிரண்டு லட்சம், இருபத்து நான்கு லட்சம். எந்த வழியில் கணக்குப் போடப்படும் என்பதைத் தீர்மானிப்பது, அவர் கொத்தனார் என்பதையும் அந்த வேலைக்கு முட்டி எப்படித் தேவை என்பதையும் சாட்சியத்தில் யாராவது எடுத்துச் சொன்னார்களா என்பதுதான். மேஸ்திரியைச் சாட்சிக்கு அழைத்தார்களா? டாக்டரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டார்களா? பல வழக்குகளில் கேட்பதில்லை.

வருமானத்துக்கு ஆதாரம் இல்லாவிட்டால் இன்னும் சரியும். தினக்கூலிக்கு ஏது சம்பளச் சீட்டு? 15,000-க்குப் பதில் 10,000 என்று எடுத்துக்கொண்டால், இதே 60 சதவீதத்துக்கு 16,12,800-தான் வரும். எட்டு லட்சம் போச்சு. நலவாரிய அட்டை, வங்கியில் மாதாமாதம் போட்ட பணம், மேஸ்திரியின் கணக்கு நோட்டு என எதுவாவது ஒன்று அந்த எட்டு லட்சத்தைக் காப்பாற்றலாம்.

இதற்கு மேல் சில்லறைத் தலைப்புகள் உண்டு. வலியும் வேதனையும், சத்துணவு, போக்குவரத்து, உதவியாள், கிழிந்த துணி. ஆமாம், விபத்தில் நாசமான உடுப்புக்கும் ஆயிரம், இரண்டாயிரம் என்று தீர்ப்பில் ஒரு வரி இருக்கும். திருமணமாகாத பெண்ணுக்கோ பையனுக்கோ முகத்தில் தழும்பு என்றால், திருமண வாய்ப்பு இழப்புக்கும் தனித்தொகை.

வீட்டில் இருக்கும் பெண்ணுக்கு வருமானமே இல்லையே என்று வாதிடும் காலம் போய்விட்டது. 2021 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அரசின் கணக்கெடுப்பு ஒன்றை எடுத்துக்காட்டியது: வீட்டு வேலைக்குப் பெண்கள் ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 97 நிமிடம். அந்த உழைப்புக்கு ஒரு வருமானம் நிர்ணயித்தே இழப்பீடு தர வேண்டும் என்பது இப்போது சட்டம்.

குழந்தைகள் விஷயத்தில் ஒரு வழக்கு எல்லாவற்றையும் சொல்லிவிடும். 2007 அக்டோபரில் ஹரியானாவில் பெற்றோருடன் போன 12 வயதுச் சிறுமியின் தலையில் பலத்த அடி. மூளை வளர்ச்சி குழந்தைப் பருவத்திலேயே நின்றுவிட்டது. வாழ்நாள் முழுக்க மற்றவர் பார்த்துக்கொள்ள வேண்டும். தீர்ப்பாயம் தந்தது 11,08,501 ரூபாய். உயர் நீதிமன்றம் 25,78,501 ஆக்கியது. 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் 62,27,000 ஆக்கியது. இரண்டு உதவியாளர்களுக்கு மாதம் ஆளுக்கு 5,000 என்று 18 காரணியால் பெருக்கியதில் மட்டும் 21,60,000 வந்தது. நியாயம் கிடைத்தது, ஆனால், அதற்குள் 12 வருஷம் ஓடி, அந்தச் சிறுமி இளம்பெண்ணாகியிருந்தாள்.

பஸ்ஸை ஜப்தி செய்யுங்கள்!

தீர்ப்பு வந்துவிட்டது என்றால் பணம் வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. இன்ஷூரன்ஸ் நிறுவனம் மேல்முறையீட்டுக்குப் போனால் சி.எம்.ஏ. என்ற இன்னோர் எண், இன்னும் சில வருஷம். மனு போட்ட நாளிலிருந்து வட்டி உண்டு, தமிழ்நாட்டில் பெரும்பாலும் ஏழரை சதவீதம். காயம்பட்டவர் வெளியில் வாங்கிய கடனுக்குக் கட்டும் வட்டியோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இடித்தது அரசு பஸ் என்றால் கதையே வேறு. அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் தங்கள் பஸ்களுக்கு இன்ஷூரன்ஸ் எடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. சட்டமே விலக்கு தருகிறது. நஷ்டஈட்டைக் கழகமே தன் நிதியிலிருந்து கொடுத்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. டீசலுக்கும் ஓய்வுபெற்றவர்களின் பணப்பலனுக்கும் திணறும் கழகங்கள், தீர்ப்புத் தொகையைக் கடைசி வரிசையில் வைக்கின்றன.

காயம்பட்டவர் மறுபடி கோர்ட்டுக்குப் போய் நிறைவேற்று மனு போடுகிறார். நீதிபதி ஜப்தி உத்தரவு போடுகிறார். ஒரு நாள் காலையில் கோர்ட் அமீனா உத்தரவோடு பஸ் ஸ்டாண்டுக்கு வருகிறார், பக்கத்தில் மனுதாரரும் வக்கீலும். புறப்படத் தயாராக நிற்கும் பஸ்ஸின் கண்ணாடியில் நோட்டீஸ் ஒட்டப்படுகிறது. “எல்லாரும் இறங்குங்க, பஸ் போகாது” என்கிறார் கண்டக்டர். பைகளோடு இறங்கும் ஜனங்கள் யாரைத் திட்டுவது என்று தெரியாமல் எல்லோரையும் திட்டுகிறார்கள். பஸ் கோர்ட் வளாகத்துக்குப் போய் நிற்கிறது. அதன் பிறகே கழகத்தின் அதிகாரிகள் காசோலையைப் பற்றிப் பேச வருவார்கள். தமிழ்நாட்டுப் பத்திரிகைகளின் மாவட்டப் பக்கங்களைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு இந்தக் காட்சி புதிதே இல்லை.

இதில் யாருக்குத் தண்டனை? வருமானம் இழந்தது கழகம், அதாவது நாம். பஸ்ஸை விட்டு இறங்கியது பயணிகள். பிரேக் சரியில்லாத பஸ்ஸை வெளியே அனுப்பியவருக்கோ, ஓய்வில்லாமல் டிரைவரை அடுத்த டிரிப்புக்கு ஏற்றியவருக்கோ இந்த ஜப்தியால் ஒன்றும் ஆவதில்லை.

நிற்காமல் போன வண்டி

இடித்தவன் நின்றிருந்தால் இவ்வளவும். நிற்காமல் போய்விட்டால்? மோட்டார் வாகனச் சட்டத்தின் 161-வது பிரிவு இருக்கிறது. 2022 ஏப்ரல் முதல், இறந்தால் குடும்பத்துக்கு இரண்டு லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய். கோட்டாட்சியரோ தாசில்தாரோ விசாரித்து அனுப்ப, கலெக்டர் உத்தரவு போட வேண்டும். கோர்ட்டே தேவையில்லை.

எத்தனை பேர் வாங்கினார்கள்? 2022-ல் மட்டும் இப்படி அடித்துவிட்டு ஓடிய விபத்துகள் 67,387. 2022-23 நிதியாண்டில் நாடு முழுவதிலிருந்தும் வந்த விண்ணப்பங்கள் 205, தீர்த்துவைக்கப்பட்டவை 95. இந்தக் கணக்கைப் பார்த்த உச்ச நீதிமன்றம், அடித்த வண்டி தெரியவில்லை என்றால் இப்படி ஒரு திட்டம் இருப்பதைக் காவல்துறையே எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும் என்று 2024 ஜனவரியில் உத்தரவிட்டது.

அந்த உத்தரவு பிறந்த வழக்கு, கோவையிலிருந்து போனது. கங்கா மருத்துவமனையின் எலும்பு அறுவைசிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ்.ராஜசேகரன் 2012-ல் போட்ட பொதுநல வழக்கு அது. 2014-ல் நீதிபதி கே.எஸ்.ராதாகிருஷ்ணன் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு அமைந்ததும், விபத்து அதிகம் நடக்கும் இடங்களைச் சீர்செய்வது, மாவட்டத்துக்கு ஒரு விபத்துச் சிகிச்சை மையம் போன்ற உத்தரவுகள் 2017-ல் வந்ததும் இந்த வழக்கில்தான்.

ஓடாமல் நின்றாலும், அந்த வண்டிக்கு இன்ஷூரன்ஸ் இல்லாவிட்டால் தீர்ப்பு வெறும் காகிதம். சாலையில் ஓடும் வண்டிகளில் பாதிக்கு மேல் இன்ஷூரன்ஸ் நடப்பில் இல்லை, பெரும்பாலும் டூவீலர்கள். புது வண்டி வாங்கும்போது ஐந்து வருஷத்துக்குச் சேர்த்துக் கட்டியதோடு பலர் மறந்துவிடுகிறார்கள்.

வண்டியே இல்லாத விபத்து

இதுவரை சொன்னதெல்லாம் மோட்டார் வண்டியால் வந்த காயத்துக்கு. மூடாத மழைநீர்க் கால்வாயில் விழுந்து முதுகெலும்பு உடைந்தால்? அறுந்து தொங்கிய மின்கம்பியில் கை வைத்தால்? மேலே பேனர் சரிந்தால்? வாய்பாடு இல்லை, தீர்ப்பாயம் இல்லை. சிவில் கோர்ட்டில் வழக்குப் போட, கேட்கும் தொகையில் 3 சதவீதம் கோர்ட் கட்டணம் கட்ட வேண்டும். இல்லையென்றால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. இரண்டுக்கும் வழியில்லாதவருக்கு முதலமைச்சர் நிவாரண நிதியிலிருந்து வரும் அறிவிப்பு. அது உரிமையாக வருவதில்லை. மனசு வைத்தால் வருவது.

ஆலைத் தொழிலாளிக்கு மட்டும் நிலைமை கொஞ்சம் மேல். 1923-லேயே வந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் உடம்பை அங்கம் அங்கமாக அட்டவணை போட்டது. கட்டைவிரல் போனால் 30 சதவீதம், ஆள்காட்டி விரல் முழுசாகப் போனால் 14 சதவீதம். முதலாளியின் தப்பை நிரூபிக்க வேண்டியதில்லை. ஆனால், பட்டாசு ஆலையிலோ பவர் பிரஸ் பட்டறையிலோ கான்ட்ராக்டர் மூலம் வந்த ஆள், தான் அங்கே வேலை பார்த்ததையே முதலில் நிரூபிக்க வேண்டியிருக்கிறது. வருகைப் பதிவேட்டில் பெயர் இருக்காது.

யாருக்கு உறைத்தது?

நஷ்டஈட்டுச் சட்டத்தின் இரண்டாவது வேலைக்கு, தப்புச் செய்தவரைத் தடுப்பதற்கு, வருவோம். விபத்துக்குப் பிறகு எதுவும் மாறுவதில்லை என்று சொல்லிவிட முடியாது; மாறியிருக்கிறது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் இறந்த பிறகு, பள்ளிகளிலிருந்து கீற்றுக் கொட்டகைகள் போயின. 2012 ஜூலையில் தாம்பரம் அருகே பள்ளிப் பேருந்தின் தரையிலிருந்த ஓட்டை வழியாக விழுந்து இரண்டாம் வகுப்புச் சிறுமி இறந்தபோது, சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. அதே ஆண்டில் பள்ளிப் பேருந்துகளுக்கென்று தனி விதிகள் வந்தன. மே மாதம் மைதானங்களில் பள்ளி வண்டிகளை வரிசையாக நிறுத்தி ஆர்.டி.ஓ. அதிகாரிகள் சோதிப்பதை இன்றும் பார்க்கிறோம். 2019 செப்டம்பர் 12 அன்று பள்ளிக்கரணையில் பேனர் விழுந்து ஸ்கூட்டரில் போன இளம்பெண் லாரியில் சிக்கி இறந்த பிறகு, கட்சிகளே பேனர் வேண்டாம் என்று தொண்டர்களிடம் சொல்ல வேண்டி வந்தது.

மூன்றிலும் இறந்தவர் சின்னப் பிள்ளை, இல்லை இளவயசு. ஊரே கொதித்தது. கோர்ட் கண்டித்தது. அதிகாரிகளுக்குப் பதவி பயம் வந்தது. மாற்றத்தைக் கொண்டுவந்தது அந்தப் பயம். நஷ்டஈட்டுத் தொகைக்கு அதில் பங்கில்லை. மரணத்தில்தான் இந்தக் கொதிப்பு வரும். கால் போனவருக்காக ஊர் கொதிப்பதில்லை.

கண்காணிப்பு தொடர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் நம்மிடமே ஆதாரம் உண்டு. அரசுக் கணக்குப்படி 2016-ல் தமிழ்நாட்டுச் சாலைகளில் இறந்தவர்கள் 17,218 பேர். 2019-ல் 10,525. குடித்துவிட்டு ஓட்டியவர்களின் லைசென்ஸ் நிறுத்திவைக்கப்பட்டது, விபத்து அதிகம் நடக்கும் இடங்களுக்கு அருகே 108 ஆம்புலன்ஸ்கள் நின்றன. நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த வழக்கும் தமிழ்நாட்டிலிருந்து போனதுதான். 2022-ல் எண்ணிக்கை மறுபடி 17,884. ஏறிய படியெல்லாம் இறங்கிவிட்டோம்.

இன்ஷூரன்ஸ் நிறுவனம் கட்டும் பணம் லாரி முதலாளிக்கு வலிப்பதில்லை. கழகம் கட்டும் பணம் டிப்போவுக்கு வலிப்பதில்லை. பள்ளத்தை மூடாத ஒப்பந்ததாரரை யாரும் எதிர்த்தரப்பாகச் சேர்ப்பதே இல்லை. பைக்கில் போனவர் பள்ளத்தில் சறுக்கி விழுந்தால், கவனக்குறைவாக ஓட்டியதாக அவர் மேலேயே எஃப்.ஐ.ஆர். பதிவாகும். நஷ்டஈடு கேட்க எதிரே ஆளே இருக்காது.

பெட்டிச் செய்தி: அடிபட்டால் மறக்கக் கூடாதவை

• மருத்துவமனைப் பதிவேட்டில் எப்படி அடிபட்டது என்பது சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இடித்த வண்டியின் எண் தெரிந்தால் அங்கேயே சொல்லுங்கள்.

• விபத்து நடந்த இடத்தை, பள்ளம், மணல் குவியல், எரியாத விளக்கு உட்பட, அன்றைக்கே போட்டோ எடுத்துவையுங்கள். நாலு நாளில் பள்ளத்தை மூடிவிடுவார்கள்.

• கேஸ் போட்டுத் தருகிறோம் என்று மருத்துவமனை வாசலிலேயே வருபவரிடம் வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். கிடைக்கும் தொகையில் பங்கு என்று வக்கீல் ஃபீஸ் பேசுவதைப் பார் கவுன்சில் விதிகள் தடைசெய்கின்றன. பண வசதி இல்லாதவர்கள் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம்.

• தப்பு யாருடையது என்ற வழக்கே வேண்டாம் என்றால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 164-வது பிரிவில் கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம் கேட்கலாம். ஆனால், அதை வாங்கிக்கொண்டால் அதோடு சரி. மேலே உள்ள கணக்கைப் போட்டுப் பார்த்து முடிவெடுங்கள்.

• உங்கள் வண்டியில் நீங்களே விழுந்தாலும், வண்டி உங்கள் பெயரில் இருந்து தனிநபர் விபத்துக் காப்பீடு கட்டியிருந்தால் 15 லட்சம் வரை பாதுகாப்பு உண்டு. கை, கால்களில் ஒன்றை இழந்தால் அதில் பாதி.

• ஒரே பைக்கில் மூன்று பேராகப் போனீர்கள் என்பதற்காக மட்டும் தொகையை வெட்ட முடியாது. விபத்துக்கோ காயத்துக்கோ அதுதான் காரணம் என்று எதிர்த்தரப்பு காட்ட வேண்டும் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதற்காக மூன்று பேராகப் போகலாம் என்று அர்த்தமில்லை.

• லோக் அதாலத்தில் சமரசம் பேசினால் பணம் சீக்கிரம் வரும். அங்கே முடிந்தால் மேல்முறையீடு கிடையாது என்பதைத் தெரிந்துகொண்டு கையெழுத்துப் போடுங்கள்.

இனி என்ன செய்யலாம்?

போக்குவரத்துக் கழகங்கள் ஒவ்வோர் ஆண்டும் நஷ்டஈடாகக் கொடுத்த தொகையை டிப்போ வாரியாக வெளியிடட்டும். எந்த டிப்போவின் பஸ்கள் அதிகம் இடிக்கின்றன என்று ஜனங்களுக்குத் தெரிந்தால், மேலாளருக்கு பிரேக்கைப் பற்றிய கவலை வரும். ஒரே திருப்பத்தில் நடந்த விபத்துகளுக்குத் தீர்ப்பாயங்கள் மறுபடி மறுபடி நஷ்டஈடு உத்தரவிட்டால், அந்தத் தீர்ப்புகளின் நகல் அந்தச் சாலையைப் பராமரிக்கும் பொறியாளரின் மேசைக்குப் போகட்டும். சாலையிலும் தெருவிலும் அரசு அமைப்புகளின் அலட்சியத்தால் காயப்படுகிறவருக்கும், வண்டியால் காயப்படுகிறவருக்கு இருப்பது போன்ற வாய்பாடும் கட்டணம் குறைந்த தீர்ப்பாயமும் வரட்டும்.

இவற்றில் சிலவற்றுக்குப் புதுச் சட்டம் வேண்டும். சாலைக்குப் பொறுப்பானவரைப் பதில் சொல்ல வைக்க அது வேண்டாம். சாலையைச் சரியாக வடிவமைக்காத, கட்டாத, பராமரிக்காத அதிகாரியோ ஒப்பந்ததாரரோ ஆலோசகரோ, அதனால் உயிரோ அங்கமோ போனால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் கட்ட வேண்டும் என்று 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 198ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. ஒரு லட்சம் சின்னத் தொகைதான். ஆனால், அந்தப் பிரிவில் ஒருவர் பெயர் ஏறினால் அடுத்த ஒப்பந்தத்துக்கு அவர் பதில் சொல்ல வேண்டியிருக்கும். மூடாத பள்ளத்தில் விழுந்து உங்கள் வீட்டில் ஒருவருக்குக் கால் போனால், புகார் எழுதும்போது 198ஏ என்பதையும் அந்தச் சாலைப் பணியின் ஒப்பந்ததாரர் பெயரையும் சேர்த்தே எழுதுங்கள். பதிவுசெய்ய மறுத்தால், மறுத்ததை எழுத்தில் கேளுங்கள்.